இடிந்ததை எடுப்பித்தவர் பெயர்



ஊரை விட்டுத் தள்ளி, ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில், தனியாக நிற்கும் சிறிய பழங்கோயில்களைப் பற்றி இன்று பேசப்போகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றியும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலைப் பற்றியும் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். ராஜேந்திர சோழன் 1025இல் கடாரம் கொண்டதைப் பற்றி இந்த நாட்டுத் தமிழ் மேடைகள் ஓயாமல் பேசி வருகின்றன. ஆனால் ஒரே ஒரு கருவறை, முன்னால் ஒரு சிறு மண்டபம், சுற்றிலும் பாறையோ வயலோ செம்பனையோ, கும்பிட வருவதற்கு அருகில் குடியிருப்பே இல்லை என்ற நிலையில் உள்ள கோயில் எப்படி இத்தனை காலம் நின்றது, அதை யார் நிறுத்தி வைத்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. ஜொகூரில் வாழும் நமக்கு அது அவசரமான கேள்வி. ஏன் அவசரம் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒரு கோயிலுக்குப் போய் வருவோம்.

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது நார்த்தாமலை. இங்கிருந்து விமானத்தில் திருச்சி போய் இறங்குகிறவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட கார் பயணம். மேல மலை, கோட்டை மலை, கடம்பர் மலை, ஆளுருட்டி மலை, பொம்மை மலை என்று ஒன்பது குன்றுகள் அங்கே உண்டு. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிச் சென்றபோது உதிர்ந்த துண்டுகள் இவை என்று ஊரில் சொல்வார்கள். அடிவாரத்து முத்துமாரியம்மனுக்குப் பங்குனியில் பூச்சொரிதலும் பால்குடமும் அலகும் காவடியுமாகக் கூட்டம் நெரியும். அம்மனைக் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறவர்கள்தாம் அதிகம். நான் சொல்ல வந்த கோயில் மேல மலையில் இருக்கிறது.

மலையேற்றம் என்று சொல்லும் அளவுக்குக் கடினமான வழி இல்லை. வழுவழுப்பான வெறும் பாறைச் சரிவில் நடந்து போக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பாறை கொதிக்கும். காலையிலேயே போய்விடுவது நல்லது. வழியில் தலையருவிச் சிங்கம் என்ற சுனை வரும். அதன் நீருக்கடியில் பாறையைக் குடைந்த சிறு கருவறையும் அதில் ஒரு லிங்கமும் இருக்கின்றன. 1857இல் தொண்டைமான் அரசி நீரை இறைக்கச் செய்து அந்த லிங்கத்தை வழிபட்டதை அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் ஏறினால் பாறை ஒரு திண்ணைபோல விரிகிறது. அந்தத் திண்ணையில் மேற்குப் பார்த்து நிற்கிறது விசயாலய சோழீச்சுவரம்.

முதல் பார்வையில் அது ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். கோபுரம் இல்லை, உயர்ந்த மதில் இல்லை, தேரோடும் வீதி இல்லை. நான்கு தள விமானம், முன்னால் சிறு மண்டபம், எதிரே நந்தி. சுற்றிலும் எட்டு சிறு கோயில்கள் இருந்தன. இப்போது ஆறு மிஞ்சியிருக்கின்றன, அவற்றிலும் சில குலைந்து நிற்கின்றன. விமானத்தின் கீழ்த் தளங்கள் சதுரம். மேலே கழுத்தும் தலையும் வட்டம். அந்த வட்டம் உச்சியில் மட்டும் இல்லை என்பது உள்ளே போனால்தான் தெரியும். கருவறையே வட்டமாக இருக்கிறது. வெளிச்சுவர் சதுரம், உள்ளே உருளையான கருவறை, இரண்டுக்கும் நடுவே சுற்றிவரும் வழி. அந்த வழியில் வலம் வரும்போது சுவர்கள் நம்மை நெருங்கி வந்து மூலையில் விலகிப் போகின்றன. மறுபடி நெருங்கி, மறுபடி விலகுகின்றன. அதைப் படம் பிடித்துக் காட்ட முடியாது. சோழர் கலையின் தொடக்க காலத்துச் சிற்பிக்குச் சதுரத்தையும் வட்டத்தையும் இப்படி ஒன்றுக்குள் ஒன்று வைக்கும் துணிவு எங்கிருந்து வந்தது என்று நின்று யோசிக்க வேண்டிய இடம் அது. வெளியே வந்து மேலே பார்த்தால், கூரை விளிம்பு வரிசையில் நடனமாடும் பெண்கள் தெரிவார்கள். அவர்களுக்கு எதிரில் வெறும் பாறையும் வானமும்தான் இருக்கின்றன.

சோழ மன்னன் விசயாலயனின் பெயரைத் தாங்கினாலும் இது அவன் கட்டியதுதானா, முத்தரையர் என்ற குறுநிலத் தலைவர்கள் கட்டியதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியாயினும் 9ஆம் நூற்றாண்டுக் கட்டடம். முத்தரையர் பக்கம் சாய்பவர்களுக்குக் கோயிலிலேயே ஆதாரம் இருக்கிறது. வாயிற்காவலர் சிற்பத்தின் கீழே சில வரிகள் வெட்டப்பட்டுள்ளன. முத்தரையராகக் கருதப்படும் சாத்தன் பூதி என்ற இளங்கோவதி அரையர் எடுப்பித்த கற்றளி மழையால் இடிந்துபோக, மல்லன் விதுமன் என்ற தென்னவன் தமிழதி அரையன் அதைப் புதுக்கினான் என்பது அவற்றின் பொருள்.

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். கோயிலை எடுப்பித்தது நான் என்று சொல்லும் கல்வெட்டுகள் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் உண்டு. மல்லன் விதுமன் வெட்டுவித்த வரிகளில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. தனக்கு முன்னால் கட்டியவரின் பெயரை முதலில் எழுதச் சொன்னான். கோயில் இடிந்ததை மறைக்காமல் எழுதச் சொன்னான். என்ன காரணத்தால் இடிந்தது என்பதையும் எழுதச் சொன்னான். பிறகுதான் தன் பெயர். ஒரு சிறு பகுதியின் தலைவன் அவன். விரும்பியிருந்தால் பழைய பெயரை விட்டுவிட்டுக் கோயிலே தன்னுடையது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பாறையின் மேல் ஏறிவந்து யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவன் அப்படிச் செய்யாததால்தான் ஆயிரம் ஆண்டுக்கு மேல் கடந்தும் சாத்தன் பூதி என்ற மனிதரை நாம் அறிகிறோம். எனக்கு அந்த வரிகள் ராஜராஜனின் மெய்க்கீர்த்தியை விட நெருக்கமானவை. இதை ஆராய்ச்சி முடிவாகச் சொல்லவில்லை. என் மனத்தில் உள்ளதைச் சொல்கிறேன்.

கோயிலுக்கு எதிரே, மலையின் உடலில், இரண்டு குடைவரைகள் கிழக்குப் பார்த்து இருக்கின்றன. சிறியது பழியிலி ஈச்சுவரம். பல்லவன் நிருபதுங்கவர்மனின் 7ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அங்கே உள்ளது. விடேல்விடுகு முத்தரையன் மகன் சாத்தன் பழியிலி அந்தக் குகையைக் குடைவித்தான். அதற்கு முன்னால் முகமண்டபமும் இடபமும் இடபத்துக்கு ஒரு கொட்டிலும் பலிபீடமும் அமைத்துக் கொடுத்தவள் அவன் மகள், பழியிலி சிறிய நங்கை. அவள் மல்லன் அனந்தன் என்ற மீனவன் தமிழதி அரையனின் மனைவி என்பதையும் கல்வெட்டு சொல்கிறது. பட்டப் பெயர்களைப் பார்த்தால், எதிர்க்கோயிலைப் புதுக்கிய மல்லன் விதுமனும் அவள் புகுந்த வீட்டைச் சேர்ந்தவனாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. தந்தை கல்லைக் குடைந்தார். மகள் நிழல் கட்டினாள். இன்னும் பெரிதாக ஒன்றை வேறு இடத்தில் கட்டி அவள் பெயர் வாங்கியிருக்கலாம். இருந்ததோடு சேர்த்துத் தேவையானதைச் செய்தாள்.

அடுத்த குடைவரை பெரியது. சமணர் குடகு என்று இன்றும் அதற்குப் பெயர். ஒரு காலத்தில் சமணப் பள்ளியாக இருந்து பின்னர் திருமாலுக்கு ஆகியிருக்கிறது. உள்சுவரில் ஆள் உயரத்தில் பன்னிரண்டு திருமால் உருவங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. அதற்குப் பதினெண்பூமி விண்ணகரம் என்ற பெயரும் உண்டு. இந்தப் பெயர்தான் நம்மை ஜொகூர்ப் பக்கம் கொண்டுவருகிறது. பதினெண்பூமி என்பது வணிகரோடு சேர்ந்த பெயர். சோழர் காலத்தில் நார்த்தாமலை தெலுங்ககுலகாலபுரம் என்ற நகரம். நானாதேசி வணிகரின் இருப்பிடங்களில் ஒன்று. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற அந்த வணிகக் குழுவின் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு சுமத்ராவின் பாருஸில் கிடைத்தது. அதற்கும் முன்னால், 9ஆம் நூற்றாண்டிலேயே, இன்றைய தாய்லாந்தின் தக்குவாபாவில் ஒரு குளத்தை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் பாதுகாப்பில் விட்டதாகத் தமிழில் வெட்டிவைத்தார்கள். யார் வெட்டியது, யார் காப்பது என்று இரண்டையும் எழுதும் அதே வழக்கம் கடல் தாண்டியும் போயிருக்கிறது.

நம் நாட்டுக்குள்ளேயே அத்தகைய சிறு பழங்கோயில் ஒன்று வேண்டுமென்றால் கெடாவுக்குப் போக வேண்டும். குனோங் ஜெராய் அடிவாரத்தில், மெர்போக்கில், ஓடையோரத்தில் இருக்கிறது புக்கிட் பத்து பகாட் சண்டி. தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் 1930களில் தோண்டிப் பார்த்தார். அலஸ்டேர் லாம்ப் 1960 வாக்கில் கற்களைத் திரும்ப அடுக்கி நிறுத்தினார். கல்லால் ஆன அடித்தளமும் தூண்களை நிறுத்திய குழிக்கற்களும் எஞ்சியுள்ளன. மேலே இருந்த மரமும் கூரையும் எப்போதோ போய்விட்டன. அதே பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி என்று ஒன்று இருந்தது. 2013இல் நில மேம்பாட்டு வேலையில் இயந்திரங்கள் அதை அழித்துவிட்ட செய்தி வந்தபோது நாடே கொதித்தது. நிலம் தனியாருடையது, தொல்லியலார் கொடுத்த எண் அதற்கு இருந்தது, அரசிதழில் அதன் பெயர் இல்லை. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005லிருந்தே இருக்கிறது. ஆனால் பதிவு ஆகாத கல்லை எந்தச் சட்டமும் காப்பாற்றாது. ஜொகூரில் இருக்கிற நாம் இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது வேறு சமயம், வேறு நாடு. தனித்த கோயில் என்றாலே எனக்கு நார்த்தாமலைக்கு அடுத்து நினைவுக்கு வருவது இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில் உள்ள ஒரு தேவாலயம். ரோம்னி மார்ஷ் என்பது கடலோரச் சதுப்பு நிலம். வாய்க்கால்கள் வெட்டி வெட்டி நீர் வடித்து மேய்ச்சல் நிலமாக்கியது. அங்கே 14 இடைக்காலத் தேவாலயங்கள் எஞ்சியிருக்கின்றன. அவற்றிலும் மிகத் தனிமையானது ஃபேர்ஃபீல்டு என்ற இடத்தில் உள்ள புனித தாமஸ் பெக்கெட் ஆலயம். 1170இல் கேன்டர்பரிப் பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டின் பெயர் அது. பிற்காலத்துப் பேராயர் ஒருவர் சதுப்பு வாய்க்காலில் விழுந்து, புனித தாமஸை வேண்டிக்கொள்ள, உழவர் ஒருவர் வந்து காப்பாற்றினார், அந்த நன்றிக்கு எழுந்த ஆலயம் இது என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். நம் ஊர்த் தலபுராணத்தில் வருவதைப் போன்ற கதைதான்.

ஃபேர்ஃபீல்டில் ஊர் இல்லை. முன்பு ஆலயத்தைச் சுற்றி இருந்த குடியிருப்பு போய்விட்டது. புல்வெளி, நீர் நிறைந்த வாய்க்கால், செம்மறி ஆடுகள், நடுவே சின்னஞ்சிறு செங்கல் கட்டடம், அவ்வளவுதான். ஒரு காலத்தில் மழைக்காலத்தில் படகிலோ குதிரையிலோதான் தொழுகைக்கு வர முடிந்தது. கட்டியபோது அது மரச் சட்டமும் மண்பூச்சும் கொண்ட ஆலயம். 18ஆம் நூற்றாண்டில் சுவர் இற்றுப்போக, வெளியே செங்கல் போர்த்தினார்கள். உள்ளே பழைய மரச் சட்டத்தை அப்படியே விட்டார்கள். 1912-13இல் காரோ என்ற கட்டடக் கலைஞர் மறுபடி பழுது பார்த்தார். உள்ளே போனால் தலைக்கு மேலே இடைக்காலத்து உத்தரங்கள் கறுத்துக் கிடக்கின்றன. கீழே பெட்டிபோல் அடைத்த வெள்ளை இருக்கைகளும் மூன்றடுக்குப் பிரசங்க மேடையும் பிற்காலத்தவை. எது எந்தக் காலத்தது என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம். யாரும் எதையும் மூடி மறைக்கவில்லை.

அந்த ஆலயத்தின் சாவி அருகிலுள்ள பண்ணை வீட்டில் தொங்குகிறது. போகிறவர்கள் அங்கிருந்து எடுத்துத் திறந்து பார்த்துவிட்டு, பூட்டித் திரும்ப மாட்டிவிட்டு வர வேண்டும். மல்லன் விதுமனின் கல்வெட்டையும் இந்தச் சாவியையும் நான் எப்போதும் சேர்த்தே நினைக்கிறேன். ஊர் போன பிறகும் கோயில் நிற்க வேண்டுமென்றால் யார் செய்தார்கள் என்ற எழுத்தும் வேண்டும், சாவியை வைத்திருக்க ஒரு வீடும் வேண்டும். பெரும் பணம் அதற்கு அடுத்துதான்.

ரோம்னி மார்ஷில் ஊர்கள் சுருங்கியதற்குக் காரணங்களில் ஒன்று குளிர்காய்ச்சல். சதுப்புக் கொசுவால் வந்த மலேரியா பல தலைமுறைகளாக அங்கே ஆட்களைக் கொண்டுபோனது. இதைக் கேட்டவுடனே உங்களுக்கு எந்த மண் நினைவுக்கு வரும் என்று எனக்குத் தெரியும். 1909இல் ஜொகூர் ரயில் பாதை முடிந்ததை ஒட்டி இங்கே ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆற்காட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். காட்டை வெட்டிய புதுநிலத்தில் மலேரியா அவர்களை வாரிக்கொண்டு போனது. காய்ச்சலுக்குக் கொயினா மருந்து, பயத்துக்கு மாரியம்மன். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு மரத்தடியில், ஒரு கல்லை நட்டார்கள், அல்லது ஒரு சூலத்தை. பிறகு நாலு மரக்கால், அத்தாப்புக் கூரை. பிறகு பலகைச் சுவரும் தகரமும். முனீஸ்வரனுக்கும் மதுரை வீரனுக்கும் எல்லையில் தனித்தனி மேடை. கத்தோலிக்கக் குடும்பங்கள் இருந்த தோட்டங்களில் மாதாவுக்கு ஒரு சிற்றாலயம். பேர்ப்பதிவான பெரட்டுக்குப் போகும் இருட்டு நேரத்தில் அங்கே ஒரு விளக்கு. நம் பாட்டிமார் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் பால் வெட்டப் போனார்கள்.

ஜொகூர் பாருவில் நாம் பெருமையோடு காட்டும் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலும் 1922இல் ஒரு எளிய கொட்டகையாகத் தொடங்கியதுதான். நகரத்தில் இருந்ததால் அது வளர்ந்தது. வளர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. தோட்டத்தில் இருந்தவற்றின் கதி வேறு. 1950களிலும் 60களிலும் தோட்டத் துண்டாடலில் நிலம் கைமாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டியதில்லை. லயம் காலியானது. மக்கள் மாசாய்க்கும் உலு திராமுக்கும் ஸ்கூடாய்க்கும் போனார்கள். பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். கோயில் மட்டும் அங்கேயே இருந்தது. இன்று ரெங்கம், லாபிஸ், கூலாய் பக்கம் செம்பனைக்குள் மண் சாலையில் போனால், வீடு ஒன்றுகூட இல்லாத இடத்தில் ஒரு கோயில் நிற்பதைப் பார்க்கலாம். லயம் இருந்த இடத்தில் ஒரு மாமரமோ முருங்கையோ இருக்கும். ஆண்டுக்கொரு முறை திருவிழாவுக்கு அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கார் கார்களாக வந்து இறங்குவார்கள். கரகம் தூக்கி, தீ மிதித்து, அன்னதானம் முடித்து, இரவில் கிளம்பிவிடுவார்கள். மற்ற நாள்களில் சாவி யாரோ ஒரு பெரியவரிடம் இருக்கும். சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ வந்து விளக்கேற்றிவிட்டுப் போவார். ஃபேர்ஃபீல்டின் பண்ணை வீடு செய்வதை இங்கே அவர் ஒருவர் செய்கிறார்.

இப்போது கூலாய், செடெனாக் பக்கம் பழைய தோட்ட நிலங்களில் தரவு மையங்கள் எழுகின்றன. வீட்டுமனைகள் வந்துகொண்டே இருக்கின்றன. நிலம் விற்கப்படும்போது கோயிலுக்கு எந்தத் தாளும் இருப்பதில்லை. துரை வாயால் சொன்ன அனுமதி, கங்காணி காட்டிய இடம். பட்டாவில் கோயில் இல்லை. பிறகு பேச்சுவார்த்தை, இடமாற்றம், சில சமயம் சண்டை. இதில் எல்லாக் குற்றமும் மற்றவர்களுடையது என்று நான் சொல்லமாட்டேன். எந்த ஆண்டு வந்தது இந்தக் கோயில் என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்டால், ரொம்பக் காலமாக இருக்கிறது என்பதைத் தவிர நம்மிடம் பதில் இருப்பதில்லை. எழுத்தில்லாதவர்கள் என்று நம் முன்னோரைச் சொல்ல முடியாது. தோட்டத்திலேயே தமிழ்ப்பள்ளி நடத்தியவர்கள் அவர்கள். வரவுசெலவு எழுதினார்கள், நோட்டிசு அடித்தார்கள், உபயக்காரர் பெயரைப் பலகையில் எழுதினார்கள். அடுத்த கும்பாபிஷேகத்தின்போது பழைய பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பளிங்குக் கல்லைப் பதித்தவர்கள் நாம். புதிய கல்லில் இன்றைய தலைவர், செயலாளர், பொருளாளர், நன்கொடையாளர் எல்லாரும் இருக்கிறார்கள். முதல் கல்லை நட்டவர் இல்லை. அத்தாப்பு எரிந்துபோனபோது தகரம் போட்டவர் இல்லை. வாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் குத்துவிளக்கு வாங்கிக் கொடுத்த பெண் இல்லை. தன் மண்டபத்தைக் கல்லில் எழுத வைத்த சிறிய நங்கையின் வழிவந்தவர்கள் இப்படிச் செய்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

காணாமல் போனதைத் தேடுவதில் நமக்கு ஆர்வம் குறைவில்லை. ஜொகூர் அரசவையில் பெண்டஹாரா என்ற தலைமை அமைச்சராக இருந்த துன் ஸ்ரீ லானாங் 1612இல் தொகுத்த செஜாரா மெலாயு என்ற மலாய் வரலாற்று நூலில், ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கல் கோட்டை ஒன்று இருந்ததாகவும் ராஜா சூரன் படையோடு வந்து அதை வென்றதாகவும் ஒரு கதை உண்டு. அந்த ராஜா சூரன் நம் சோழன்தான் என்று பலர் கருதுகிறார்கள். கோத்தா கெலாங்கி என்ற பெயரில் அந்தக் கோட்டை கிடைத்துவிட்டதாக 2005இல் எழுந்த பரபரப்பு உங்களுக்கு நினைவிருக்கும். அருங்காட்சியகத் துறை தேடிப் பார்த்தும் நகரம் கிடைக்கவில்லை. தேடட்டும், ஒரு நாள் கிடைத்தால் நான்தான் முதலில் ஓடிப் போய்ப் பார்ப்பேன். ஆனால் அந்தக் கோட்டைக்காகக் காட்டுக்குள் போகத் தயாராக இருக்கும் இளைஞர்கள், போகிற வழியில் செம்பனைக்குள் நிற்கும் தங்கள் கொள்ளுப்பாட்டியின் கோயிலைத் தாண்டித்தான் போகிறார்கள். அது இன்னும் நிற்கிறது. அதைக் கட்டியவர்களின் பிள்ளைகளில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க முடிகிற காலம் இது.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கோயிலுக்குப் போகும்போது முதலில் சுற்றிப் பாருங்கள். மூலவருக்குப் பின்னாலோ மரத்தடியிலோ பழைய கல் இருக்கும். புதிய சிலை வந்தபோது ஓரமாக வைத்ததாக இருக்கலாம். எந்தத் திருப்பணியிலும் அந்தக் கல்லை அப்புறப்படுத்த விடாதீர்கள். பழைய பலகைச் சுவர் நல்ல நிலையில் இருந்தால், சிமெண்டு வேண்டுமென்றாலும் அதை உள்ளே விட்டு வெளியே கட்டுங்கள். ஃபேர்ஃபீல்டில் அப்படித்தான் செய்தார்கள். கோயிலைப் பெரிதாக்குவது பக்திக்கு அளவுகோல் என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. நாலு பேர் நிற்கக் கட்டிய இடம் நாலு பேர் நிற்கிற இடமாகவே இருக்கலாம். விசயாலய சோழீச்சுவரத்துக்கு யாரும் ராஜகோபுரம் கட்டாததால்தான் அந்த வட்டமும் சதுரமும் நமக்குக் கிடைத்தன.

அடுத்தது எழுத்து. ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு நோட்டு வையுங்கள். தோட்டத்தின் பெயர், மக்கள் தமக்குள் அழைத்த பெயர், டிவிஷன் எண், கைப்பேசி காட்டும் இட அளவை. முதலில் யார் வைத்தது, எந்த ஊரிலிருந்து வந்தவர்கள். எப்போது எரிந்தது, எப்போது வெள்ளத்தில் போனது, யார் திரும்ப எடுத்தது. பெண்களின் பெயரைக் கணவர் பெயரோடு நிறுத்தாமல் முழுதாக எழுதுங்கள். இப்போது சாவி யாரிடம் இருக்கிறது, அவருக்குப் பின் யாரிடம் போகும் என்பதையும் எழுதுங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். ஊகத்தால் நிரப்ப வேண்டாம். தமிழில் ஒரு படி, மலாயில் ஒரு படி. மலாய்ப் படி இருந்தால்தான் நில அலுவலகத்தில் ஒருவர் எடுத்துப் படிப்பார். ஒரு பிரதி கோயிலில், ஒன்று அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியில், ஒன்று ஊரை விட்டுப் போன பிள்ளைகளில் பொறுப்பானவர் வீட்டில் இருக்கட்டும். மாதா சிற்றாலயங்களுக்கும் இதே நோட்டுதான். அங்கேயும் முதல் சிலுவையை நட்டது ஒரு பால்வெட்டுத் தொழிலாளிதான்.

இதை ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து செய்வது நல்லது. தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளிடம் சொல்வதை ஆய்வாளர்களிடம் சொல்வதில்லை. ஒரு பாட்டி தன் தோட்டத்துக் கோயிலைப் பற்றிப் பேசத் தொடங்கினால், யார் உடுக்கை அடிப்பார், எந்த ஆண்டு சாமி வரவில்லை, எந்தக் கிராணி திருவிழாவுக்கு லாரி கொடுத்தார், எந்தத் துரை கொடுக்கவில்லை என்று எல்லாம் வரும். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். எது வரலாறு, எது கதை என்று பிரிப்பதற்குப் பின்னால் ஆட்கள் வருவார்கள்.

உங்களில் பலருக்கு வரும் மாதங்களில் பழைய தோட்டத்துத் திருவிழா இருக்கும். போகும்போது வீட்டில் இருக்கும் பழைய நோட்டிசுகள், உபய ரசீதுகள், தீமிதிப் படங்கள் ஆகியவற்றை எடுத்துப் போய், அங்கே வருகிறவர்களிடம் காட்டி, படத்தில் இருப்பவர்களின் பெயரைப் பின்பக்கம் பென்சிலால் எழுதி வாங்குங்கள். பேனா வேண்டாம்; மை ஊறிப் படத்தைக் கெடுத்துவிடும். இன்று இந்த மண்டபத்தின் வாசலில் மாணவர்கள் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் தோட்டத்தின் பெயரையும், அங்கே கோயில் இன்னும் நிற்கிறதா என்பதையும், சாவி யாரிடம் என்பதையும் மட்டும் அவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மீதியைக் கேட்டு வாங்க அவர்கள் உங்களைத் தேடி வருவார்கள்.